எஞ்சினுக்கும் உண்டு மங்கள ஸ்நானம்!

சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், சாலையோரத்தில் லாரிகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாடி கட்டுகிற பட்டறை ஒன்று. பெயிண்டு அடிக்கிற பட்டறை ஒன்று. டயர் கடை, லேத்துப் பட்டறை, பட்டை வேலைக்காரர், எலெக்ட்ரீஷியன் என்று லாரிக்கு வேண்டிய சகல வைத்தியர்களும் அங்கே கடை விரித்திருப்பார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களுக்கும் லாரிக்கும் உள்ள பந்தம் அப்படிப்பட்டது. சமையல் காஸ் டாங்கரானாலும் சரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியானாலும் சரி, அந்த வட்டாரத்து வண்டியை இந்தத் தேசத்தின் எந்தக் கோடியிலும் காணலாம்.

அந்தப் பட்டறைகளில் எஞ்சின் வேலை செய்யும் இடம்தான் பார்வைக்குக் கொஞ்சமும் லட்சணமில்லாதது. தரையெல்லாம் கறுப்பு. மூக்கைத் துளைக்கும் டீசல் நெடி. முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் ஒரு லாரி. அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்! அந்தக் கால்களுக்கு உரியவர்தான் மேஸ்திரி.

அங்கே நடக்கும் காரியங்களில் மிகவும் அற்பமாகத் தோன்றுபவை இரண்டு. ஒன்று, எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை வடிப்பது. மற்றொன்று, கழற்றிய சாமான்களைக் கழுவுவது. “இது என்ன பிரமாதம்? சின்னப் பையன்கூடச் செய்வானே!” என்பீர்கள். வாஸ்தவம், பல இடங்களில் சின்னப் பையன்கள்தான் செய்கிறார்கள். ஆனால் பழுது பார்த்த எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுமா, அல்லது அடுத்த மாதமே மறுபடியும் பட்டறைக்கு வந்து படுக்குமா என்பதை இந்த இரண்டு அற்பக் காரியங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

தாகம் எதற்கு?

லாரி எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்று முதலில் பார்ப்போம். சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது உஷ்ணம் ஒரு கணம் 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தொடுகிறது. அங்கே மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும் பிஸ்டனோ அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்! உருகாமல் பிஸ்டனைக் காப்பாற்றுவது, சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரும் எண்ணெயும்தான்.

நீங்கள் ஊற்றுகிற டீசலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையோடு போகிறது. இன்னொரு பெரும் பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. 1900-ம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற நிபுணர், மெர்ஸிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் சின்னஞ்சிறு குழாய்கள் மாத்திரம் 8,070! இன்றைய லாரியின் முகத்தில் நீங்கள் பார்க்கும் ரேடியேட்டருக்கு அதுதான் மூதாதை.

இப்பொழுது வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ‘கூலண்ட்’ என்று பச்சை, சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களில் டின்னில் வருகிறதே, அதை ஊற்றுகிறார்கள். அதில் முக்கியமான சரக்கு எதிலீன் கிளைக்கால் என்ற திரவம். தண்ணீரும் அதுவும் பாதிக்குப் பாதி கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் குளிர்ந்தாலும் உறையாது. “நம் ஊரில் உறைபனி ஏது?” என்று கேட்கலாம். நம் ஊர் லாரி காஷ்மீரத்துக்கும் போகிறதே! அது தவிர, கூலண்டில் சேர்த்திருக்கும் மருந்துகள் துருப் பிடிக்காமல் தடுக்கின்றன. நம் வெயில் ஊருக்கு அதுதான் பெரிய உபகாரம். கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தால் என்ன ஆகும் என்பதை வெந்நீர் அண்டாவின் அடியைத் தடவிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அதே வெள்ளைப் பாறை எஞ்சினுக்குள்ளும் படியும். படிந்தால் உஷ்ணம் வெளியே போக வழியில்லை.

அவசரக்காரருக்கு ஆவி அபிஷேகம்

சரி, எஞ்சின் பழுது. ஹெட்டை இறக்க வேண்டும். முதல் வேலை, தண்ணீரை வடிப்பது. முதலில் வடிக்காமல் ஹெட்டைத் தூக்கினால், உள்ளே நிற்கும் தண்ணீர் நேரே கீழே இறங்கி எண்ணெய்த் தொட்டியில் கலந்துவிடும். போகிற வழியில் பேரிங்குகளையும் நனைத்துவிட்டுப் போகும்.

ஆனால் வண்டி வந்து நின்றவுடனே ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கும் வரையில் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கு கூடினால், 120 டிகிரி வரை தண்ணீர் சாதுவாகவே இருக்கும். மூடியைத் திறந்தீர்களோ, தொலைந்தது! அழுத்தம் போன அந்தக் கணமே தண்ணீர் ஆவியாகச் சீறிக் கிளம்பும். முகத்திலும் மார்பிலும் கொப்புளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன டிரைவர்கள் எத்தனையோ பேர். சாலையோரத்தில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும் வண்டியைப் பார்த்தால், ஒத்தாசை செய்யும் ஆவலில் நீங்கள் ஓடிப் போய் மூடியைத் திருகாதீர்கள். கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் திருப்பில் நிறுத்தி, ‘உஸ்’ஸென்ற சத்தம் அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாயடியில் நீட்டினால் என்ன ஆகுமோ, அதுவேதான் சிலிண்டர் ஹெட்டுக்கும் ஆகும்.

ஆறிய பிறகு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பாட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டருக்கு அடியில் அகலமான சுத்தமான தொட்டியை வைத்து, கீழேயுள்ள குழாயைத் திறப்பார் மேஸ்திரி. பெரிய லாரிகளில் இருபது, முப்பது லிட்டருக்குக் குறையாமல் வரும். “வந்துவிட்டது” என்று அத்துடன் விட்டுவிடுகிறவர் அரை மேஸ்திரி. முழு மேஸ்திரி எஞ்சின் பிளாக்கின் விலாவில் இருக்கும் தனி அடைப்பானையும் திறப்பார். அதைத் திறக்காவிட்டால் லைனர்களைச் சுற்றி நிற்கும் தண்ணீர் வடியவே வடியாது. சில சமயம் அடைப்பானைக் கழற்றிய பிறகும் ஒரு சொட்டுக்கூட வராது. அப்படியானால் உள்ளே துருவும் சேறும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குத்த வேண்டியதுதான்.

வடித்த தண்ணீர் சொல்லும் ஜோசியம்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், நல்ல மேஸ்திரி வடித்த தண்ணீரைப் பார்ப்பார். செங்கல் நிறமாக வந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், எண்ணெயும் தண்ணீரும் எங்கேயோ சம்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. கேஸ்கெட் போயிருக்கலாம், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம், ஹெட்டிலேயே விரிசல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, எண்ணெய்த் தொட்டியைத் திறக்கும்போது எண்ணெய் பால் விட்ட காப்பியைப் போல் வந்தால், தண்ணீர் அங்கே புகுந்திருக்கிறது. காப்பி பிரியர்களுக்கு உலகத்தில் பிடிக்காத காப்பி இது ஒன்றுதான்!

இதைப் பார்க்காமல் தண்ணீரை மண்ணில் ஓடவிட்டவருக்குக் காரணம் தெரியாமலே போகும். கேஸ்கெட்டை மாற்றி மூடிவிடுவார். நிஜக் குற்றவாளியான ஆயில் கூலர் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்னும் நுட்பமான நோய் ஒன்று உண்டு. சில எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். டீசல் வெடிக்கும் ஒவ்வொரு தரமும் லைனர் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. அந்த அதிர்ச்சியில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி, உடனே நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழி ஒவ்வொன்றும் இரும்பில் ஊசியால் குத்துவது போலத்தான். நாளடைவில் கறையான் அரித்த கட்டையைப்போல் லைனரில் பொத்தல்கள் விழுகின்றன. கடைசியில் தண்ணீர் உள்ளே கசிகிறது. கூலண்டில் கலந்திருக்கும் மருந்து இரும்பின் மேல் ஒரு மெல்லிய கவசத்தைப் போர்த்தி இதைத் தடுக்கிறது. மருந்து தீர்ந்துபோன பழைய கூலண்டாலும், வெறும் தண்ணீராலும் அந்தக் கவசத்தைத் தர முடியாது. அதனால்தான் லைனரைக் கழற்றியவுடன் வெளிப்புறத்தைத் துடைத்து விரலால் தடவிப் பார்க்கிறார் மேஸ்திரி.

தித்திக்கும் விஷம்

இனிப் பட்டறைக்கு அக்கம் பக்கத்தில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கார் வைத்திருக்கும் வீட்டாருக்கும் இது பொருந்தும்.

கூலண்டிலுள்ள எதிலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும், கொடிய விஷம். தொட்டியில் திறந்து கிடந்தால் நாய் நக்கும், ஆடு மாடு குடிக்கும். நிறமோ சர்பத்தைத் தோற்கடிக்கும்! குழந்தைக்கு ஆசை வராமல் இருக்குமா? சுத்தமான கிளைக்கால் இரண்டொரு கரண்டி உள்ளே போனாலே சின்னக் குழந்தையின் உயிருக்கு அபாயம். முதலில் குடித்தவரைப்போல் தள்ளாட்டம் இருக்கும். பிறகு தெளிந்ததுபோல்கூடத் தோன்றலாம். ஆனால் உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகையால் “நன்றாகத்தானே விளையாடுகிறான்” என்று காத்திருக்கக் கூடாது. குடித்தது தெரிந்த உடனேயே, அந்த டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிஸிஸ் இருக்கிறது. நேரத்தில் போனால் பிழைக்க வைக்கலாம்.

கூலண்டைத் தண்ணீர் பாட்டிலிலோ, சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது மகா பாதகம். வடித்ததை மூடியுள்ள டின்னில் ஊற்றிப் பெயர் எழுதி வைக்க வேண்டும். சாக்கடையிலோ, கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. பழைய எஞ்சின் எண்ணெயைக் கண்ட இடத்தில் கொட்டாமல், அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளே சொல்லுகின்றன. இரண்டையும் ஒரே டின்னில் கலக்காமல் இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

ஸ்நானப் படலம்

தண்ணீர் வடிந்தது, எண்ணெய் வடிந்தது, சாமான்கள் கழன்றன. ஹெட், வால்வு, பிஸ்டன், பேரிங், போல்ட்டு, நட்டு என்று பட்டறையே கொலு வைத்ததுபோல் ஆகிவிட்டது. லாரிச் சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்க்கிறார். அவருக்கு மாதத் தவணை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு உலையில் அரிசி குறைகிற நாள். எந்தப் பட்டறையிலும் காதில் விழக்கூடிய சம்பாஷணை இது:

“ஏனுங்க மேஸ்திரி, ராத்திரிக்கு வண்டி கெளம்பிருமுங்களா? லோடு காத்துக்கிட்டு இருக்குதுங்க.”

“கெளம்புமுங்க. ஆனா அடுத்த மாசம் இங்கயேதான் திரும்பி வருமுங்க. ஒரு நாள் பொறுத்தீங்கன்னா வராதுங்க. எது வேணும், நீங்களே சொல்லுங்க!”

அந்த ஒரு நாள் எங்கே போகிறது? கழுவுவதில்தான் போகிறது.

முதலில் கெட்டியான மசியைச் சுரண்ட வேண்டும். பிறகு டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊற வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டாம் முறை சுத்தமான எண்ணெயில் அலச வேண்டும். கடைசியில் காற்றடித்து உலர்த்த வேண்டும். பெட்ரோலில் கழுவுவது சீக்கிரம் முடியும்தான். ஒரு பொறி பட்டால் பட்டறையும் சீக்கிரம் முடியும்! இரும்பு சாமானுக்குக் காஸ்டிக் சோடா வெந்நீர் நல்லது. அலுமினியத்தை அதே தொட்டியில் போட்டால் சோடா அதைத் தின்றுவிடும். காற்றடிக்கும் குழாயை விளையாட்டுக்குக்கூட ஒருவர் உடம்பின்மேல் திருப்பக் கூடாது. அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எந்தச் சாமான் எந்தச் சிலிண்டரைச் சேர்ந்தது என்பது மாறக் கூடாது. வால்வும் அதன் இருக்கையும் பல வருஷம் குடித்தனம் செய்த தம்பதிகள். ஜோடி மாறினால் சண்டைதான். இதற்கு வரிசையாகக் குழி உள்ள பெட்டி ஒன்று வேண்டும். முட்டைக்குப் பெயர் போன நாமக்கல்லில் முப்பது குழி முட்டை அட்டைக்கா பஞ்சம்? குழிக்கு ஒரு நம்பர் எழுதினால் தீர்ந்தது.

கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டும்போது பெரிய ஜாக்கிரதை வேண்டும். உப்புத்தாள் சக்கரத்தைப் போட்டுச் சுழற்றினால் நிமிஷத்தில் பளபளக்கும். ஆனால் அதிலிருந்து உதிரும் பொடி வைரத்துக்குத் தம்பி. எண்ணெய் வழியில் புகுந்து பேரிங்கை அரைத்துவிடும். ஓட்டைகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, பதமான சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டுவதே உத்தமம். அடைத்த துணிகளை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் செய்கிற டாக்டர் பஞ்சை எண்ணுவதில்லையா? அதே கணக்குத்தான்.

போர் வேலை செய்து வந்த சிலிண்டரை வெறும் டீசலால் துடைத்தால் போதாது. சாணை பிடித்த பொடி அதன் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால்தான் வெளியே வரும். கடைசிப் பரீட்சை என்ன தெரியுமா? வெள்ளைத் துணி! துடைத்த துணி வெளுப்பாகவே வந்தால் பாஸ். சாம்பல் நிறம் தட்டினால் மறுபடியும் ஸ்நானம். பாஸானவுடனே எண்ணெய் பூச வேண்டும். சும்மா விட்டால் சிறிது நேரத்திலேயே துரு பூக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு கரண்டித் தண்ணீரின் பலம்

இவ்வளவும் செய்த பிறகு, பலர் மறந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஹெட் போல்ட்டு இறங்கும் துளைகள். அடி மூடிய துளையாக இருந்தால், வடித்தபோது சிந்திய தண்ணீரோ, கழுவிய டீசலோ அதன் அடியில் தங்கிவிடும். ஒரு சிறு கரண்டி அளவுதான். அதன்மேல் போல்ட்டை இறக்கி முறுக்கினால் என்ன நடக்கும்? திரவம் அமுங்காது, ஓடவும் இடமில்லை. முறுக்குகிற பலமெல்லாம் துளையின் சுவரைத் தாக்கும். வார்ப்பிரும்பு பிளாக் ‘படக்’கென்று விரிந்துவிடும்! விரியாமல் தப்பினாலும், போல்ட்டு இறுகிவிட்டதாக ஸ்பானர் பொய் சொல்லும். ஹெட் சரியாக உட்கார்ந்திராது. கேஸ்கெட் மறுபடியும் போகும். துளை ஒவ்வொன்றையும் துணியும் காற்றும் கொண்டு உலர்த்த ஆகும் நேரம் கால் மணி. பிளாக்கின் விலையைக் கேட்டால், அந்தக் கால் மணி பொன்னானது என்று ஒப்புக்கொள்வீர்கள்.

மறுபடியும் தீர்த்தம்

பூட்டிய பிறகு தண்ணீர் ஊற்றுவதிலும் முறை உண்டு. தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவை, “நம் வெயிலுக்கு இது எதற்கு?” என்று கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்கு வெகு நேரம் ஆகும், டீசல் வீணாகும், லைனர் தேயும். அது நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பாத்திரம் வெந்நீர் போதும். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றினால், அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரிக்கு அருகில் தானே வாயைத் திறக்கும். திறக்காவிட்டால் புதிது வாங்க வேண்டும்.

கம்பெனி சொன்ன கூலண்டை, சொன்ன அளவில், உப்பில்லாத தண்ணீரோடு கலந்து, மெதுவாக ஊற்ற வேண்டும். பச்சையும் சிவப்பும் வெறும் சாயம்தான்; நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அவசரமாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்று சிக்கிய இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஹெட் வெந்துவிடும். ஆகவே காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து விட்டு நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் அளவு பார்த்து மறுபடியும் நிரப்பினால்தான் வேலை பூர்த்தி.

ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு வணங்காத பட்டறை தமிழ் நாட்டில் கிடையாது. அன்று ஒரு நாள் எல்லாச் சாமானும் பளபளக்கும். அந்தப் பளபளப்பை மற்ற நாட்களிலும் காப்பாற்றுகிற பட்டறையைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லுவேன். உங்கள் வண்டியைக் கொண்டுபோய் விடும்போது மேஸ்திரியின் ஸ்பானர் பெட்டியைப் பார்க்காதீர்கள். அவர் சாமான் கழுவுகிற தொட்டியைப் பாருங்கள். தொட்டியும் துணியும் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

லாரியோடு கூடவே போகும் பையனுக்கு நம் ஜனங்கள் ‘கிளீனர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிரைவருக்கு அடுத்தபடி என்று அவனைச் சற்று இளப்பமாகப் பார்க்கிறோம். எஞ்சினைக் கேட்டால், தன் ஆயுள் முழுவதும் அந்த வேலைக்காரன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லும்!